நட்டம் பார்க்க வந்த விருந்தாளி

தில்லியிலிருந்து வந்த கேள்விப் பட்டியலில் முதல் பத்துக் கேள்விகளுக்கும் என் தம்பி உட்கார்ந்தபடியே பதில் சொன்னான். ஆலையின் பெயர், தொடங்கிய ஆண்டு, எந்திரங்கள் எத்தனை, ஆட்கள் எத்தனை பேர். பதினோராவது கேள்வியை நான் தமிழில் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான்.

மலிவான இறக்குமதியால் உங்கள் தொழிலுக்கு ஏற்பட்ட பாதிப்பை விவரிக்கவும். கேள்வி அவ்வளவுதான்.

"இதுக்கு என்னங்க்கா எழுதோணும்?"

"நட்டம்னு எழுதோணும்."

"யாரு பேருலீங்க?"

"உன்ற பேருலதான். கையெழுத்தும் நீதான் போடோணும்."

"அதெப்படீங்க்கா? நட்டம்னு எழுதி, கீழ கையெழுத்து வேற போடறதுங்களா?"

"நட்டம் வந்திருக்குதா, இல்லையா?"

"வந்திருக்குதுங்க. அது நமக்குள்ள. ஊட்டை விட்டு வெளிய எதுக்குங்க போகோணும்?"

தம்பி என்றால் சித்தப்பா மகன். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற வழியில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறான். நான் சுங்கத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். துறைமுகத்தில் மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் நான் சுற்றறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது என் பங்குக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதில் குச்சிக்கிழங்கு போட்டேன். மரவள்ளி என்று சொன்னால் இந்தப் பக்கம் வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்கள். என் கிழங்கு தம்பி ஆலைக்குப் போகும். அங்கே அரைபட்டு, பாலாகி, தொட்டியில் படிந்து, மாவாகி, உருண்டையாகி, வறுபட்டு, சிமெண்டுக் களத்தில் காய்ந்து, மூட்டையாகி வடக்கே போகும். இதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு இடைஞ்சல் கிழக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். விசாரணையில் இருக்கும் தரப்பைப் பற்றிப் பொதுவில் பேசக்கூடாது என்பது பழக்கமாகிவிட்டது. அங்கேயும் இதே கிழங்குதான், இதே மாவுதான். நம்மைவிடப் பெரிய எந்திரங்கள், நம்மைவிடக் குறைந்த விலை. அவர்களுக்கும் நமக்கும் ஓர் ஒப்பந்தம். அவர்கள் நம் பொருள்கள் சிலவற்றுக்குக் கதவைத் திறப்பார்கள், நாம் அவர்கள் பொருள்கள் சிலவற்றுக்குத் திறப்போம். கையெழுத்துப் போட்ட மேசையில் யாரும் ராசிபுரத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். மாவுக்கு இருந்த வரி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து ஒருநாள் சுழியில் வந்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த மாவின் முதல் சரக்குப் பெட்டகங்களில் ஒன்றைத் துறைமுகத்தில் விடுவித்தவள் நான்தான். ஆவணங்கள் சுத்தமாக இருந்தன. மாதிரி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். நம்மூர் மாவைவிட வெள்ளை. அடடா என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். வேலையில் சேர்ந்த காலத்தில் பயணிகளின் பெட்டியிலிருந்து வெளிநாட்டு ரேடியோவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நாட்டையே காப்பாற்றியதாக நிமிர்ந்து நடந்திருக்கிறேன். பிறகு தாராளமயம் வந்தது. பிடுங்கியதற்கும் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், விடுவித்ததற்கும் கொடுத்தார்கள். இதைத் தம்பியிடம் இதுவரை சொன்னதில்லை. இனி படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மாவு வந்தபின் துணிப் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்கள் அதற்கு மாறினார்கள், காகித ஆலைகள் மாறின. தம்பியின் ஆலை வாரத்தில் நான்கு நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள், பிறகு வாரத்தை விட்டுவிட்டு மாதத்தில் எண்ண வேண்டியதாயிற்று. ஆலைக்காரர்கள் சங்கம் கூடி, இறக்குமதி மாவின் மேல் காப்பு வரி போடச் சொல்லித் தில்லிக்கு மனுக் கொடுத்தது. தில்லி கேள்விப் பட்டியல் அனுப்பியது. தில்லியின் விதி நியாயமானது: உள்நாட்டுத் தொழில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், பாதிப்பை அந்தத் தொழில் தானே நிரூபிக்க வேண்டும். வரி வராவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஆலைக் கதவைத் திறப்பதில்லை என்று தம்பி என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தான். ஆலை நின்றால் என் இரண்டு ஏக்கரும் நின்றது என்று நான் தனியாகக் கணக்குப் போட்டிருந்தேன்.

விதி எழுதியவர்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரியாது. இங்கே யாரிடமாவது தொழில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோமுங்க என்பார்கள். ஜப்தி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டும் அப்படித்தான் சொல்வார்கள். கஷ்டம் என்று சொன்னால் ஒருவர் உதவ வருவார், ஒன்பது பேர் பார்க்க வருவார்கள். அதிலும் தம்பி வீட்டில் அப்போது மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். பையன் எம்.பி.ஏ. படித்தவன்.

"நட்டம்னு எழுதி அது வெளிய தெரிஞ்சுதுன்னா, பொண்ணைக் கட்டுவாங்களாங்க்கா?"

"தில்லி ஆபீசுல கிடக்கற காகிதத்தை உன்ற சம்பந்தி போய்ப் படிக்கப் போறாரா?"

"அவரு படிக்க மாட்டாருங்க. பையன் படிப்பானுங்க. அவன் போனுலயே எல்லாத்தையும் படிக்கறான்."

விசாரணை நடைமுறையில் அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு பதிலையும் இரண்டு படியாகக் கொடுக்கலாம். ஒன்று அதிகாரிகள் மட்டும் பார்க்கும் ரகசியப் படி. மற்றது யாரும் பார்க்கக்கூடிய பொதுப் படி. அதில் எண்கள் இருக்க வேண்டிய இடங்களில் நட்சத்திரக் குறிகள் மட்டும் இருக்கும். இதை விளக்கியதும் தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மானத்தை மூடிவைக்க அரசாங்கமே ஏற்பாடு செய்திருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

"அப்படியே மில்லு பேருக்கும் நட்சத்திரம் போட்டுருங்க்கா."

"அதுக்கு முடியாது."

"என்ற பேருக்கு?"

"உக்காரு சாமி."

உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னான். எழுதினேன். முப்பது ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதிய மோசமான பதில்களைப் படித்தவள் என்பதால், நல்ல பதில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இணைப்புகளுக்கு வரிசை எண், ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம், ஓரத்தில் குறிப்பு. அந்தத் திமிருக்குத் தண்டனை உடனே கிடைத்தது. பதில்கள் தெளிவாக இருந்த காரணத்தால், நேரில் சரிபார்க்கத் தேர்ந்தெடுத்த ஆலைகளில் தம்பியுடையதும் ஒன்று என்று கடிதம் வந்தது.

கடிதத்தோடு தம்பி வீட்டுக்குப் போய் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "எதையும் மாத்தாதே. மில்லு எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்."

"சரிங்க்கா," என்றான். அவன் சம்சாரமும் சரிங்க்கா என்றாள். இரண்டு பேர் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடிதத்தில் குறித்திருந்த திங்கட்கிழமை அதிகாரியைச் சேலம் ரயிலடியில் அழைத்துக்கொண்டு வந்தேன். வடக்கத்திக்காரர், வயது நாற்பதுக்குள், மெலிந்த உடம்பு, தடித்த கோப்பு. தமிழ் தெரியாது என்பதால் மொழிபெயர்க்க என்னைச் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. வழியெல்லாம் அவரிடம் தொழிலின் நசிவைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கார் ஆலைக்குள் திரும்பியது. நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

புகைபோக்கியில் புகை. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. வாசலில் வாழைமரம் கட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. களம் முழுக்க, ஓரம் வரைக்கும், வெயிலில் கண் கூசும்படி ஜவ்வரிசி. அதைக் காலால் துழாவிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள். தம்பி வெள்ளை வேட்டியில், கையில் மாலையோடு. அவன் பின்னால் மச்சானிடம் இரவல் வாங்கிய புதிய கார்.

நான் இறங்கி அவன் காதருகே போனேன். "என்ன இது?"

"வர்றவரு தில்லியில இருந்து வாராருங்க்கா. வெறும் களத்தையா காட்டறது?"

"வெறும் களத்தைப் பார்க்கத்தானே அவர் வாராரு!"

"அதெல்லாம் பேப்பருல எழுதியாச்சுங்களே. நேர்லயும் அழுகோணுங்களா?"

கிழங்கை எங்கே பிடித்தான் என்று பிறகு தெரிந்தது. ஒரு லோடு கடனாக. களத்தில் கிடந்ததை அக்கம்பக்கத்து நான்கு ஆலைகளிலிருந்து டிராக்டரில் அள்ளிவந்து பரப்பியிருந்தான். அந்த நான்கு பேரும் சங்கத்து உறுப்பினர்கள். நட்டம் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். விருந்தாளிக்கு என்றதும் மறுபேச்சில்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

அதிகாரி மாலையைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முதல் கேள்வியைக் கேட்டார். இப்போது தொழில் எப்படிப் போகிறது? நான் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே தம்பியை முறைத்தேன். அவன் கைகூப்பினான்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோமுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். மொழிபெயர்ப்பாளருக்கு இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்று அந்த ஒரு நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. மூழ்கிக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொல்லியிருந்தால் அதுதான் கோப்பில் ஏறியிருக்கும். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முப்பது ஆண்டுகள் பிறர் மாற்றிச் சொன்னதைப் பிடித்தே பதவி உயர்வு வாங்கியவள் நான். அப்படியே சொல்லிவிட்டேன். பிறகு, "இதை வணக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்," என்றும் சேர்த்தேன்.

"அப்படியானால் வாக்குமூலம் எது?" என்றார் அவர். கிண்டல் இல்லாமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

அதற்குள் தம்பியின் சம்சாரம் சாப்பாட்டுக்கு அழைத்தாள். மேச்சேரி ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், ஈரல், ரத்தப் பொரியல். வாசனை ஆலையின் புளிப்பு நாற்றத்தையே அமுக்கிவிட்டது. அதிகாரி பின்வாங்கினார். விசாரணையில் இருக்கும் தரப்பு வீட்டில் சாப்பிடக்கூடாது என்பது விதி. அதைவிட முக்கியமாக, திங்கட்கிழமை அவருக்கு விரதம்.

"விரதத்துக்கு என்னங்க சாப்பிடுவாரு?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

கேட்டுச் சொன்னேன். "ஜவ்வரிசி."

அந்த வீட்டில் மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி உண்டு. விரதத்துக்கு அதை எப்படிச் சமைப்பது என்று யாருக்கும் தெரியாது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் மேலே அதற்கு எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அவள் உள்ளே ஓடிப் பாயசம் வைக்க ஆரம்பித்தாள். ஒரு டம்ளர் பாயசம் விருந்தில் சேராது என்று நானே விதிக்கு விளக்கம் கொடுத்தேன்.

பாயசம் வேகிற நேரத்தில் அதிகாரி களத்துக்குள் இறங்கினார். குனிந்து ஒரு கை ஜவ்வரிசி அள்ளினார். நாலடி தள்ளி இன்னொரு கை. அப்புறம் மறு ஓரத்தில். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்று மிளகு அளவு, ஒன்று கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஒன்று பழுப்பேறியது.

"என் அம்மா இவற்றை ஒன்றாக ஊறவைக்க மாட்டார்," என்றார். "ஒன்று ஊறுவதற்குள் மற்றது கரைந்துவிடும். ஒரே ஆலையில் ஒரே நாளில் ஏன் இத்தனை ரகம்?"

தம்பிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவன் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி, பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த அம்மாவிடம் திரும்பினார். அந்த அம்மா ஆலை தொடங்கிய நாள் முதல் அங்கே வேலை பார்ப்பவள். வாயைப் பூட்டும் பழக்கம் இல்லாதவள். இந்த மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இன்னைக்கு ஒரு நாளுங்க சாமி," என்றாள். பிறகு முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேத்து சுண்ணாம்பு அடிச்சோமுங்க. அதையும் சேர்த்தா ரெண்டுங்க."

"ஏ ஆத்தா, வாயை மூடு," என்றான் தம்பி.

"கேட்டாச் சொல்லோணுமில்லீங்க? பெரிய மனுசரு வந்து கேக்கறாரு, பொய் சொல்லச் சொல்றீங்களா? போன மாசம் நான் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனேனுங்க. அதையும் எழுதிக்கச் சொல்லுங்கம்மா."

எழுதிக்கொண்டார். நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பிறகு அவர் மின்வாரிய அட்டையை வாங்கிப் பார்த்தார். பால் படியும் தொட்டிகளில் நான்கைத் திறந்து பார்த்தார், மூன்றில் பாசி. நான்காவதில் ஒரு தவளை இருந்தது. திரும்பும்போது பாயசம் இரண்டு டம்ளர் குடித்தார். இரண்டாவதற்கு எந்த விதியின்கீழ் விலக்கு என்று நான் கேட்கவில்லை.

அறிக்கை வந்தபோது தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தேன். உள்நாட்டுத் தொழிலுக்குக் கடுமையான பாதிப்பு நிரூபிக்கப்பட்டுள்ளது, காப்பு வரி போடப் பரிந்துரைக்கிறோம் என்று இருந்தது. நேரில் பார்த்த ஆலைகளின் பட்டியலில் தம்பி ஆலையின் பெயர் முழுசாக, நட்சத்திரம் இல்லாமல் இருந்தது. அவன் முதலில் சந்தோஷப்பட்டான், அடுத்த நிமிடம் வியர்த்தான். மாப்பிள்ளைப் பையன் அதைப் படித்தும்விட்டான். அந்த வாரமே திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தி நேரில் வந்தார். தம்பி குனிந்த தலை நிமிரவில்லை.

"சர்க்காரே எழுதியிருக்குதுங்க, உங்களுக்குக் கஷ்டம்னு," என்றார் சம்பந்தி.

"அது வந்துங்க…"

"இருக்கட்டுமுங்க. நம்ம பக்கம் எவன் ஒளிக்காம சொல்றான்? எங்க ரிக்கும் பாதி நாளுக்கு ஷெட்டுலதான் நிக்குது. நீங்க சொன்னீங்க, நான் சொல்லல, அவ்வளவுதான்."

உண்மை பேசும் குடும்பம் என்று பெயர் வாங்கிக் கல்யாணம் நிச்சயமானது. தம்பி இன்றுவரை அந்தப் பட்டத்தை மறுக்கவில்லை.

பரிந்துரைதான் பிழைக்கவில்லை. ஒரு துறை பரிந்துரைக்கும், வேறொரு துறை வரி போடும். குறித்த காலத்துக்குள் அறிவிக்கை வராவிட்டால் பரிந்துரை தானாகக் காலாவதியாகிவிடும். தள்ளுபடி என்று யாரும் எழுதவும் வேண்டாம். இணையதளத்தில் நான் தினமும் காலையில் பார்த்தேன். வரவில்லை. மாவின் விலை ஏறினால் எங்களால் தாங்க முடியாது என்று துணிக்காரர்களும் காகிதக்காரர்களும் எதிர்மனுப் போட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. வெண்ணந்தூரில் தறி ஓட்டும் எங்கள் மச்சானே அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றைக்குக் கார் இரவல் கொடுத்த அதே மச்சான். வெளிநாட்டுத் துணியோடு மல்லுக்கட்ட அவருக்கு வெளிநாட்டு மாவு வேண்டும்.

கெடு முடிந்த அன்று தம்பியிடம் சொன்னேன்.

"அப்ப நாங்க நல்லா இருக்கோம்னு சர்க்காரும் சொல்லிருச்சுங்களா?"

"எழுதல. ஆனா அதுதான் அர்த்தம்."

"நான் சொன்னா மட்டும் வெய்யறீங்க," என்றான்.

பத்து நாள் கழித்து அவனே என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம். எனக்கு நன்றாகப் பழக்கமான காகிதம்: இறக்குமதியாளராகப் பதிவு செய்யும் விண்ணப்பம்.

"அந்த ஊரு மாவையே வாங்கி இங்க உருட்டிரலாம்னு இருக்கேனுங்க்கா. அரைக்கிற வேலை இல்ல, தொட்டி வேலை இல்ல. உருட்டறது, வறுக்கறது, காய வெக்கறது. களம் ஓடும். நீங்கதான் எழுதிக் குடுக்கோணும்."

"கிழங்கு?"

தரையைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். அந்த மாவு எந்தத் துறைமுகத்தில் இறங்கும், எந்தச் சான்றிதழைக் காட்டினால் வரி சுழி, எந்தக் கட்டத்தில் எதை எழுதாவிட்டால் பெட்டகம் நின்றுபோகும், எல்லாம் தெரியும். எனக்கு இரண்டு ஏக்கர் போகிறது, அவனுக்கு ஆலை பிழைக்கிறது. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஒரு பிழை விட்டுவைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், கை வரவில்லை. ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பருவத்தில் ஆலை ஓடுகிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அந்த அம்மா களத்தில் இருந்தாள். காலிச் சாக்கு ஒன்றை வெயிலுக்குத் தலையில் போட்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, இந்தச் சாக்குல என்ன எழுதியிருக்குது?"

"தெரியல. அது வேற நாட்டு எழுத்து."

"உங்களுக்கே தெரியாதுங்களா!" அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

"வேலையெல்லாம் எப்படி?"

"நல்லா இருக்கோமுங்க."

"நெசமாவா, மரியாதைக்குச் சொல்றதா?"

"நெசமாத்தானுங்க. வாரத்துல ஆறு நாளு. கோழிப்பண்ணைக்குப் போறதில்லைங்க." துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க கிழங்கு அப்படியே மண்ணுல நிக்குதுன்னாங்க. ரெண்டு பிடுங்கிக்கட்டுங்களா? வேக வெச்சுத் தின்னு நாளாச்சு."

"எத்தனை வேணுமோ எடுத்துக்கோ."

சாயங்காலம் வந்தாள். இரண்டு என்று கேட்டவள் இருபது பிடுங்கினாள். மண்ணைத் தட்டி, தலையில் போட்டிருந்த அதே சாக்கில் அடுக்கி, வாயைக் கட்டி, தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். என் நிலத்துக் கிழங்கு, நான் படிக்கத் தெரியாத எழுத்துப் போட்ட சாக்கில், வரப்பு வழியாகப் போயிற்று.